கல்யாண அட்வான்ஸும் கணக்கு ஆப்பும்

கல்யாணங்களுக்கு போட்டோ, வீடியோ எடுப்பது என் தொழில். அங்கே என்னோடு அடிக்கடி வேலை பார்க்கும் மேக்கப் ஆர்ட்டிஸ்ட் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டார்: "அண்ணா, நீங்க வச்சிருக்கீங்களே அந்தச் செலவு ஆப், வருஷச் சந்தாவைப் பாதிக்கும் கீழ இறக்கிட்டாங்களாம். வாங்கலாமா?" பதில் டைப் செய்ய ஆரம்பித்தால் நீண்டுகொண்டே போனது. சரி, எல்லோருக்கும் ஆகட்டும் என்று இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஆப்பின் பெயர் வேண்டாம். இந்த வகை ஆப்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே ஜாதிதான். பேங்க் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கும், செலவை வகை பிரிக்கும், மாதத்துக்கு ஒரு பட்ஜெட் போடும், தாண்டினால் சிவப்பு காட்டும். என்னென்ன வசதி என்பது ப்ளே ஸ்டோரிலேயே இருக்கிறது. சில வருடங்களாகக் காசு கட்டிப் பயன்படுத்துகிறவன் என்ற முறையில் அதில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

எனக்கும் அந்த ஆப்புக்கும் தீராத சண்டை ஒன்று இருக்கிறது. அது அட்வான்ஸ்.

வைகாசியில் ஒருவர் தன் பெண்ணின் ஆவணிக் கல்யாணத்துக்கு என்னை புக் செய்கிறார். பேக்கேஜ் 1,50,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். பேசி முடித்த கையோடு 50,000 ஜிபே பண்ணிவிடுகிறார். எஸ்எம்எஸ் வந்த நிமிடமே ஆப் அதைப் பச்சையில் 'வருமானம்' என்று எழுதிக்கொள்கிறது. அந்த 50,000-இல் என் பணம் எவ்வளவு? அன்றைய தேதிக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. கேண்டிட் எடுக்க வரும் தம்பிக்கு, இரண்டாவது வீடியோகிராபருக்கு, ட்ரோன்காரருக்கு, ஆல்பம் லேபுக்கு என்று அது ஏற்கெனவே பிரிந்து கிடக்கிறது. கல்யாணம் தள்ளிப் போனாலோ நின்று போனாலோ பாதியையாவது திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். இது எதுவும் ஆப்புக்குத் தெரியாது. மாதக் கடைசியில் "அருமையாகச் சேமித்திருக்கிறீர்கள்" என்று கைதட்டுகிறது. அதற்குக் கீழேயே டிஜிட்டல் தங்கம் வாங்க ஒரு பட்டன்.

அப்புறம் ஆவணி வருகிறது. கல்யாணம் முடிந்து எல்லோருக்கும் செட்டில் செய்கிறேன். அதே ஆப் "வரவை மீறிச் செலவு" என்று கத்துகிறது. ராத்திரி பகலாக உழைத்த மாதத்தில் திட்டு, ஒரு போன் பேசி புக்கிங் எடுத்த மாதத்தில் பாராட்டு.

ஆப் தரப்பு நியாயத்தையும் சொல்ல வேண்டும் இல்லையா. ஜிஎஸ்டி சட்டமே இப்படித்தான் பார்க்கிறது. சேவைக்கு அட்வான்ஸ் வாங்கினால், வேலையை எப்போது முடிக்கிறோம் என்று அது காத்திருப்பதில்லை, வாங்கிய அன்றே வரிக்கான பொறுப்பு வந்துவிடுகிறது. என்னைப் போல வருடத்துக்கு 20 லட்சத்துக்குள் சேவை செய்து, பதிவு எடுக்காமல் இருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை, அவ்வளவுதான். ஆக, சட்டம் செய்வதைத்தான் ஆப்பும் செய்கிறது என்று வாதாடலாம். ஆனால் நான் காசு கொடுத்து வாங்கியது அரசாங்கத்தின் பார்வையை அல்ல. இந்த மாதம் வீட்டுக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று சொல்ல ஒரு ஆளை வாங்கினேன்.

எந்தக் கல்யாண மண்டபத்திலும் மேனேஜர் மேஜையில் ஒரு நீள நோட்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். தேதி, பார்ட்டி பெயர், மொத்தம், அட்வான்ஸ், பாக்கி என்று கோடு போட்டுப் பத்தி பிரித்திருப்பார். ஸ்கேலும் பேனாவும் போதும். அட்வான்ஸுக்குத் தனிப் பத்தி வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததில்லை. நான் இதை ஆப்காரர்களுக்கு மெயில் போட்டேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. அடுத்த அப்டேட்டில் லோகோவின் நிறம் மாறியிருந்தது.

நானே ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். ஆப்பில் 'கடன்' என்று ஒரு பகுதி உண்டு, கைமாத்து வாங்கியதை எழுதிவைக்க. வரும் அட்வான்ஸை எல்லாம் பார்ட்டியிடம் வாங்கிய கடனாகப் பதிந்தேன். கல்யாணம் முடிந்ததும் கடன் தீர்ந்ததாக்கி, அதே தொகையை வருமானத்தில் ஏற்றிவிடுவேன். சும்மா சொல்லக் கூடாது, கணக்கு கச்சிதமாக வந்தது. வருமானப் பக்கத்தில் முதல் முறையாக நம்பக்கூடிய எண் தெரிந்தது. தொல்லை என்னவென்றால், கடன் என்றால் ஆப் நினைவூட்டும், அதை நிறுத்த வழி கிடையாது. வாரா வாரம் காலையில் போன் அதிரும்: "பெண்ணோட அப்பா வடபழனி - 50,000 - தவணை கடந்துவிட்டது. இன்றே திருப்பிச் செலுத்துங்கள்." ஒரு தடவை அந்த அப்பாவே எதிரில் உட்கார்ந்து ஆல்பம் மாடல் பார்த்துக்கொண்டிருந்தபோது இது திரையில் வந்து நின்றது. மனுஷர் படித்துவிட்டார். "தம்பி, ஏதாச்சும் பிரச்சினையா?" என்று கேட்டார். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது.

அடுத்த எரிச்சல், மாதம். இந்த ஆப்பைப் பொறுத்தவரை உலகம் ஒன்றாம் தேதி பிறந்து முப்பதாம் தேதி முடிகிறது. என் தொழில் அப்படி ஓடுவதில்லை. ஆடி ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும். புரட்டாசியில் பெரும்பாலோர் கல்யாணம் வைக்க மாட்டார்கள். மார்கழி முழுக்க ஈ ஓட்டலாம். தை பிறந்தால் ஒரே முகூர்த்த நாளில் மூன்று பார்ட்டிகள் கூப்பிடும். ஆகவே மாத வருமானம் என்று என்னிடம் ஒன்று கிடையாது, சீசன் வருமானம்தான் உண்டு. ஆப்பில் 'வருட பட்ஜெட்' என்று ஒரு வசதி இருக்கிறது என்று ஆசையாகத் திறந்தால், நாம் போடும் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து மாதத்துக்குக் காட்டுகிறது. பலே.

இந்த விஷயத்தில் சம்பளக்காரர்களுக்கும் அது சரிப்பட்டு வராது என்பதற்கு நம் கரண்ட் பில்லே சாட்சி. தமிழ்நாட்டில் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறார்கள். ஒரு மாதம் 'மின்சாரம்' பூஜ்யம், பச்சை. அடுத்த மாதம் இரண்டு மாதத்துக் கட்டணமும் சேர்ந்து வரும், சிவப்பு. எடிட்டிங் ரூமில் ஏசி ஓடும் சித்திரையில் கேட்கவே வேண்டாம். வருடத்துக்கு ஆறு தடவை நான் மின்சாரத்தை வீணடிப்பதாக என்னை எச்சரிக்கிறது, மீதி ஆறு தடவை சிக்கனத்துக்குப் பாராட்டுகிறது.

ரொக்கம் ஒரு தனிக் கதை. கல்யாண வேலையில் பாக்கித் தொகை பெரும்பாலும் ரிசப்ஷன் ராத்திரி, சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்து அறையில், மொய்ப் பணத்திலிருந்து எண்ணித் தரப்படும். இருநூறும் ஐநூறும் கலந்த கட்டு, சிலதில் மஞ்சள் ஒட்டியிருக்கும். இதற்கு எந்த எஸ்எம்எஸ்ஸும் வராது. நாமே அந்த இடத்திலேயே போனில் ஏற்றினால்தான் உண்டு. இதில் ஆப் உண்மையிலேயே உதவியது. போனின் முகப்புத் திரையில் ஒரு சின்னக் கட்டம் வைத்துக்கொள்ளலாம். தொட்டு, தொகையை அடித்தால் முடிந்தது, ஆப்பைத் திறக்கவே வேண்டாம். டிரைபாடை மடக்கிக்கொண்டே ஒரு கையால் செய்துவிடுவேன். (ஒரே நிகழ்ச்சிக்கு ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017-லிருந்து சட்டம் இருக்கிறது. பெரிய பார்ட்டி எடுப்பவர்கள் நினைவில் வையுங்கள், அபராதம், பணத்தை வாங்கியவருக்குத்தான்.)

சின்னத் தொகைகளைப் பின் நம்பர் இல்லாமல் கட்டும் யுபிஐ லைட்டை மட்டும் இந்த ஆப்பால் பிடிக்க முடியவில்லை. பின் போடாமல் போகும் டீ, பார்க்கிங், அசிஸ்டென்ட் பையன்களின் பரோட்டா எதுவும் பேங்க் கணக்கில் தனித்தனியாக விழாது. லைட்டில் பணம் ஏற்றியது மட்டும் ஒரு வரியாக நிற்கும். ஆப் அந்த வரியை 'இதர' என்று எழுதுகிறது. என் தொழிலில் உதிரிச் செலவு முழுக்க அந்த 'இதர'வுக்குள் போய் ஒளிந்துகொண்டது. இப்போது வேலை நாளில் லைட்டைத் தொடுவதில்லை, பின் போட்டே கொடுக்கிறேன்.

கம்பெனி நிகழ்ச்சி எடுப்பவர்களுக்கு இன்னொன்று. பில் 60,000 போட்டால் சில கம்பெனி 10% டிடிஎஸ் (நம் பெயரில் முன்கூட்டியே கட்டும் வருமான வரி) பிடித்து 54,000 அனுப்பும், சில கம்பெனி கான்ட்ராக்ட் என்று 1% மட்டும் பிடிக்கும். ஆப் பார்ப்பது வந்த பணத்தை மட்டும். அந்த 6,000 உங்கள் வரவுதான், வருமான வரித் துறையின் கணக்கில் உங்கள் பெயரில் உட்கார்ந்திருக்கும். கையால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி நான் எதிர்பார்க்காத ஒரு சந்தோஷம். பில் போட்டோ.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கும் மெமரி கார்டு, கேபிள், ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றுக்கும் வெப்பத்தில் அச்சாகும் அந்த வழுவழுத் தாளில் பில் தருவார்கள். கேமரா பையில் போட்டு நாலு மாதம் வெயிலில் சுற்றினால் வெறும் வெள்ளைத்தாள் ஆகிவிடும், விரலால் தடவினால் எழுத்தின் நிழல்கூட இருக்காது. ஆப்பில் ஒவ்வொரு செலவோடும் பில்லைப் படம் எடுத்து ஒட்டிவைக்கலாம். படத்தில் இருக்கும் எழுத்தையும் தேடும். ஒரு ஹார்ட் டிஸ்க் கல்யாண சீசன் நடுவில் படுத்துவிட்டது. கடைக்காரர் "பில் இல்லாம வாரண்டி இல்ல சார்" என்றார். பையிலிருந்து எடுத்தது வெள்ளைத்தாள். ஆப்பில் கம்பெனிப் பெயரை அடித்தேன், சீரியல் நம்பர் வரை தெளிவாக வந்து நின்றது. புது டிஸ்க் கிடைத்தது. அந்த ஒரு டிஸ்க்கின் விலை எத்தனையோ வருடச் சந்தாவுக்குச் சமம்.

வேடிக்கை என்னவென்றால், வரிக்கு அந்த பில்களால் எனக்கு ஒரு பயனும் இல்லை. ஆடிட்டர் என் கணக்கை 44ஏடி என்று எல்லோரும் சொல்லும் உத்தேச லாப முறையில்தான் போடுகிறார். வந்த தொகையில் பேங்க் வழியாக வந்ததற்கு 6%, ரொக்கத்துக்கு 8% லாபம் என்று காட்டினால் போதும், தனித்தனியாகச் செலவு கழிக்க வழியில்லை. கணக்குப் புத்தகம் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அட்வான்ஸ் டாக்ஸையும் (முன்கூட்டியே கட்டும் வருமான வரி) நாலு தவணையாக இல்லாமல் மார்ச் 15-க்குள் ஒரே தடவையில் கட்டிவிடலாம். அவர் கேட்பது இரண்டே எண்கள்: பேங்கில் எவ்வளவு, கையில் எவ்வளவு. இந்த இரண்டையும் ஆப் ஒரு நொடியில் பிரித்துத் தருகிறது, அதில் குறையே சொல்ல முடியாது.

அப்படியானால் இவ்வளவு எழுதிவைப்பது எதற்கு? ரேட் சொல்வதற்கு. ஒரு கல்யாணத்துக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்று ஒவ்வொரு செலவிலும் பார்ட்டி பெயரை டேக் போட்டுப் பார்த்தபோதுதான், தாம்பரத்தைத் தாண்டிய வேலைகளில் வண்டி வாடகையும் ராத்திரி ரூமும் போக எனக்கு மிஞ்சுவது அசிஸ்டென்ட் கூலியைவிடக் குறைவு என்று தெரிந்தது. இப்போது அந்தப் பக்கத்துக்குத் தனி ரேட். இரண்டு பார்ட்டி கோபித்துக்கொண்டு போனார்கள், போகட்டும்.

பட்ஜெட் வேலையை மட்டும் ஆப்பிடமிருந்து பிடுங்கிவிட்டேன். தொழிலுக்கு ஒரு பேங்க் அக்கவுன்ட், வீட்டுக்கு வேறு பேங்கில் இன்னொன்று. ஐந்தாம் தேதி தொழில் கணக்கிலிருந்து வீட்டுக்கு ஒரு நிலையான தொகை போகும், தையானாலும் ஆடியானாலும் அதே தொகை. போன வருடம் முடித்துக் கொடுத்த வேலைகளில் எல்லோருக்கும் கொடுத்தது போக மிஞ்சியதைப் பன்னிரண்டால் வகுத்து, கேமரா மாற்றுவதற்கு என்று ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, அதற்கும் கொஞ்சம் கீழே வைத்திருக்கிறேன். ஆப் இப்போது வீட்டுக் கணக்கை மட்டும் பார்த்து பச்சை, சிவப்பு காட்டுகிறது. கரண்ட் பில் மாதம் தவிர சமாதானமாக இருக்கிறோம். என் கணக்கிலிருந்து என் கணக்குக்கே போகும் அந்தத் தொகையை ஒரு பக்கம் செலவு, மறுபக்கம் வருமானம் என்று இரண்டு தடவை எழுதும் பழக்கத்தை மட்டும் அது விடவில்லை. ஒவ்வொரு ஐந்தாம் தேதியும் உட்கார்ந்து திருத்துகிறேன்.

ஆகவே, தங்கையே, வாங்காதே. உனக்கு பிரைடல் அட்வான்ஸ் என்னைவிட அதிகம், ட்ரையல் மேக்கப்புக்கும் சேர்த்து வாங்குகிறாய், ரத்தக் கொதிப்பு வந்துவிடும். முதலில் இரண்டாவது அக்கவுன்ட்டைத் திற. அட்வான்ஸுக்கு மண்டப மேனேஜர் மாதிரி ஒரு நோட்டுப் போடு. பில்லை எல்லாம் போனில் ஒரு ஃபோல்டரில் படம் எடுத்து வை.

நான் நேற்று சந்தாவைப் புதுப்பித்துவிட்டேன். விலை குறைந்தது ஒரு காரணம். இன்னொரு காரணம், கணக்கை எக்செல்லாக இறக்கினால் தொகையும் தேதியும் வருகின்றன, பில் படங்கள் வருவதில்லை. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துதான் சேமிக்க வேண்டும், சந்தா முடிந்தால் அதுவும் முடியாது. ஆடியில் வேலை குறைவாக இருக்கும், அசிஸ்டென்ட் பையனை உட்கார வைத்து எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். அவனுக்குக் கொடுக்கும் கூலியை எந்த வகையில் எழுதுவது என்று மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.