மார்பில் கட்டியா? ரிப்போர்ட்டில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்

அக்காவுக்கு 47 வயது. காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் மண்டியில் வேலை. போன சீசனில் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் புளியங்கொட்டை மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. வலிக்கவில்லை என்பதால் ஒரு மாதம் சும்மா விட்டோம். அது எங்கள் தப்பு.

அப்புறம் கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். மேமோகிராமும் (மார்பகத்துக்கான எக்ஸ்ரே) அல்ட்ராசவுண்டும் சேர்த்து 3,200 ரூபாய். மேமோகிராமில் பக்கத்துக்கு ஒரே ஒரு படம். அல்ட்ராசவுண்ட் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கட்டி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அக்காவாகக் காட்டப் போனால், "எல்லாம் பாத்தாச்சும்மா" என்று பதில். ரிப்போர்ட்டில் இரண்டே வரி: மார்பகத் திசு அடர்த்தி, சந்தேகப்படும்படி எதுவுமில்லை. வரும் வழியில் பிள்ளையாருக்குத் தேங்காய்கூட உடைத்தோம்.

ஐந்து மாதத்தில் கட்டி கைக்கு நன்றாகவே தெரிந்தது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த டாக்டரம்மா முதலில் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகுதான் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினார். "பை-ராட்ஸ் எண்ணே போடலையே?" என்றார்.

அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்: பை-ராட்ஸ் என்பது, படத்தில் தெரிவது எவ்வளவு சந்தேகத்துக்குரியது என்று சொல்ல ரிப்போர்ட்டில் போடும் எண். 0 என்றால் பரிசோதனை முழுமையாகவில்லை, இன்னும் படம் வேண்டும். 3 என்றால் புற்றுநோயாக இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கலாம். 4, 5 என்றால் ஊசி பயாப்சி, அதாவது ஊசியால் கொஞ்சம் திசு எடுத்துச் சோதிப்பது. மேமோகிராமில் ஒவ்வொரு பக்கமும் மேலிருந்து ஒன்று, சாய்வாக ஒன்று என இரண்டு படம் வேண்டுமாம். அக்குள் பக்கத்துத் திசு சாய்வுப் படத்தில்தான் நன்றாக விழும். அடர்த்தியான திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை, ஒன்றில் ஒன்று மறைந்துவிடும். அதனால் கைக்குக் கட்டி தெரியும்போது மேமோகிராம் நார்மல் என்று விட்டுவிடக் கூடாது, கட்டியின் மேலேயே வைத்து அல்ட்ராசவுண்ட் பார்க்க வேண்டும் என்றார்.

வேறு இடத்தில் மறுபடி எடுத்தோம். கடிகார முள் கணக்கில் 2 மணி இடம், 2.1 செ.மீ., ஓரம் ஒழுங்கில்லை, அகலத்தைவிட உயரம் அதிகம், பை-ராட்ஸ் 4சி (4-லேயே சந்தேகம் அதிகமான பிரிவு) என்று எல்லாம் எழுதியிருந்தது. பயாப்சியில் புற்றுநோய் உறுதியானது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் சிகிச்சை நடக்கிறது.

பழைய சென்டரில் போய்க் கேட்டேன். "மேமோகிராம்ல எல்லாமே தெரியாதும்மா" என்றார்கள். சரி, அதை அந்த இரண்டு வரியோடு மூன்றாவது வரியாக எழுதியிருக்கலாமே? ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படங்கள் வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சிடி கேட்டேன். அழித்துவிட்டார்களாம், அன்றைக்கே 300 ரூபாய் கட்டி வாங்கியிருக்க வேண்டுமாம்.