பத்துக்குப் பதினொன்று அறையில் ஒரு குவில்ட்டிங் மெஷின்: நான்கு வருட அனுபவம்

மெஷின் வாங்குவதற்கு முன் டேப்பை எடுத்து நான் அளந்தது மெஷினைத்தான். மேசை எவ்வளவு நீளம், கதவில் நுழையுமா, ஜன்னலோரம் உட்காருமா என்று பழைய செய்தித்தாளை அந்த அளவுக்கு வெட்டித் தரையில் ஒட்டிக்கூடப் பார்த்தேன். எல்லாம் கச்சிதம். அளக்காமல் விட்டது குவில்ட்டை, அதாவது மேல் துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வையை. 90 அங்குலச் சதுரம் என்றால் ஏழரை அடிக்கு ஏழரை அடி. தைக்கும்போது அத்தனை துணியும் எங்கே போய்க் கிடக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது நான்கு வருடம் ஆகிவிட்டது. அறை 10 அடிக்கு 11 அடி. அதற்குள்ளேயே ஒரு அலமாரி, பழைய தையல் மெஷின், பஞ்சு விரிப்புச் சுருள்கள். சின்னதும் பெரியதுமாக 23 குவில்ட் முடித்திருக்கிறேன். வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு இதெல்லாம் உதவும் என்று எழுதுகிறேன். மாடல் பெயரைச் சொல்லப்போவதில்லை; எந்த ரகம் என்று சொன்னாலே போதும்.

முதலில் எனக்கு ஆசை, சட்டத்தில் துணியைக் கட்டி, நின்றுகொண்டு மெஷினை நகர்த்தித் தைக்கிற லாங்ஆர்ம் மேல்தான். பெரிய குவில்ட்டுக்கான சட்டமே 10, 12 அடி வரை போகும். முன்னாலும் பின்னாலும் நடக்க வேறு இடம் வேண்டும். அதை வாங்கினால் மெஷின் உள்ளே இருக்கும், நான் வெளியே நிற்க வேண்டியதுதான். அதனால் உட்கார்ந்து தைக்கும் ரகம். இதில் மெஷின் அசையாது, துணியைத்தான் நம் கை நகர்த்த வேண்டும்.

இந்த ரகத்திலும் இரண்டு பிரிவு உண்டு. வாங்கும்வரை அதன் முக்கியத்துவம் எனக்குப் புரியவில்லை. ஒன்று, சாதாரணத் தையல் மெஷின் போலவே பக்கவாட்டில் நிற்பது. மெஷினின் கை வலப்பக்கம் நீளும். ஏபிக்யூஎஸ் நிறுவனத்தின் ஜார்ஜ் அப்படிப்பட்டது. இன்னொன்று, ஊசித் தலை நம்மை நேராகப் பார்க்க, கை பின்னோக்கிப் போவது. ஹேண்டி குவில்ட்டரின் ஸ்வீட் சிக்ஸ்டீன், பெர்னினா க்யூ 20 எல்லாம் இந்த வகை. முதல் வகையில் குவில்ட்டின் வலப்பாதி கைக்கு அடியில் அடைந்தாக வேண்டும், இடப்பாதி மேசையில் பரவும். அதனால் வலப்பக்கம் சுவரை ஒட்டிப் போட்டாலும் ஓடும். இரண்டாவதில் இரண்டு பக்கமும் திறந்தவெளி. சுமை இரண்டாகப் பிரிந்துவிடும், தோளுக்குச் சுகம். ஆனால் இரண்டு பக்கமும் இடம் விட வேண்டும், மேசையும் ஆழமாக இருக்கும்.

என்னுடையது இரண்டாவது வகை, ஊசிக்குப் பின்னால் 16 அங்குல இடம். அதை மூலையில் போட்டதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம். இடப்பக்கம் சுவர். முதல் பெரிய குவில்ட்டில் பாதி வரை சிக்கல் இல்லை. அப்புறம் துணி சுவரில் முட்டி மடிந்து, மடிந்தது மறுபடி என் கைமேலேயே வந்து விழ ஆரம்பித்தது. ஒன்றரை அடி தள்ளிப் போட்டேன். அன்றிலிருந்து அலமாரியின் ஒரு கதவு பாதிதான் திறக்கிறது.

த்ரோட் அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், எல்லாரும் கேட்பது அதைத்தான். ஊசிக்கும் பின்னால் இருக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள இடம் அது. என் பழைய மெஷினில் 8 அங்குலம்கூட இல்லை. குவில்ட்டைப் பாய் மாதிரி சுருட்டி உள்ளே திணித்து, ஒவ்வொரு வரிக்கும் மல்லுக்கட்ட வேண்டும். 16 அங்குலம் வந்ததும் அவ்வளவு அகலத்துக்கு ஒரே இழுப்பில் தைக்கலாம் என்று நினைத்தேன். அப்படி இல்லை. உட்கார்ந்த இடத்தில் இரண்டு கையும் சரளமாக நகரக்கூடியது ஒரு பெரிய புத்தகத்தை விரித்து வைத்த அளவுதான். அதற்கு மேல் போனால் வளைவு கோணலாகும். நிறுத்தி, ஊசியைக் கீழே இறக்கி வைத்து, கையை மாற்றிப் பிடித்துத்தான் தொடர வேண்டும். மீதி இடம் தைக்க இல்லை, துணி நிற்க. சுருட்டாமல், கசக்கிய போர்வை மாதிரி அள்ளிப் போட்டால் அது பாட்டுக்குக் கிடக்கும். அந்த வசதிக்குத்தான் இந்த மெஷின். 20 அங்குலம் இருந்தால் துணி இன்னும் தாராளமாக நிற்கும், ஆனால் கை போகிற தூரம் அதேதான்.

துணியின் எடை இன்னொரு பாடம். மேசை விளிம்பிலிருந்து ஒரு மூலை தொங்கினாலே போதும், இழுக்கும். இரண்டாவது குவில்ட்டை முடித்துத் திருப்பிப் பார்த்தேன். சீராக ஓடிய தையல் நடுவில் ஓரிடத்தில் கடுகு சிந்தியதுபோல் ஒரே புள்ளியில் பத்துப் பன்னிரண்டு குத்து. அடுத்த அங்குலத்தில் நீள நீளமாக நாலே தையல். மேசை மூலையில் விளிம்பு மாட்டியிருக்கிறது. நான் தெரியாமல் இழுத்திருக்கிறேன். மாட்டினது விட்டதும் துணி பாய்ந்திருக்கிறது. இப்போது இடப்பக்கம் ஒரு மடக்கு மேசை அதே உயரத்துக்கு வருகிறது, வேலை முடிந்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விடும். இந்த மடக்கு மேசைக்கும் சேர்த்து முதலிலேயே இடம் அளந்துகொள்ளுங்கள்.

மெஷின் மேல் ஒரு குறை என்றால், கூடவே வந்த கையேடு. ஊசியைப் பற்றி அதில் அரைப் பக்கம்தான். வீட்டு மெஷின் ஊசிக்குத் தலையில் ஒரு பக்கம் தட்டை, தப்பாகப் போடவே முடியாது. என்னுடையதில் போடும் ஊசிக்குத் தலை முழு உருண்டை. எந்தப் பக்கமும் திரும்பும். மூன்று நாள் நூல் பிசிர் பிசிராகி அறுந்துகொண்டே இருந்தது. நூலை மாற்றினேன், டென்ஷனை, அதாவது நூலின் இறுக்கத்தைத் தளர்த்தினேன், அடிநூல் உருளை உட்காரும் பாபின் கேஸைத் துடைத்தேன். கடைசியில் விளக்கைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசி ஒரு மயிரிழை திரும்பியிருக்கிறது. நீளமான பள்ளம் நம்மைப் பார்க்க வேண்டும், கண்ணுக்கு மேலே உள்ள சின்னக் குழிவு நேர் பின்னால் இருக்க வேண்டும். சரியாகத் திருப்பி முடுக்கினேன், அன்று முழுக்க ஒரு நூல் அறவில்லை.

வளைவுகளில் அடிப்பக்கம் நூல் கண்ணிமை மயிர்போல் நீட்டிக்கொண்டு நின்றதற்கும் முதலில் டென்ஷனைத்தான் குற்றம் சொன்னேன். பாதி அது உண்மை. மீதிப் பாதி, வளைவு வந்ததும் என் கை வேகமாகிவிடும், பெடலில் கால் அதே அழுத்தத்தில் இருக்கும். தையல் நீளத்தைச் சமன்செய்யும் ரெகுலேட்டரை இரண்டாம் வருடம்தான் சேர்த்தேன். என்னுடையதில் சென்ஸார் மேசைக்குள் இருந்து துணியின் அடிப்பக்கத்தைப் பார்க்கிறது. நடுப்பகுதியில் பிரமாதம். விளிம்புக்கு வந்ததும் சென்ஸார் மேல் துணி இல்லாமல் போய்விடும், அது குழம்பும். அதனால் அடித்துணியை ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் அதிகமாகவே விடுகிறேன். பழகிய கைக்கு ரெகுலேட்டர் கட்டாயம் என்று சொல்ல மாட்டேன், ஆரம்பத்திலேயே இருந்திருந்தால் நிறையத் தையல் பிரிப்பது மிச்சமாகியிருக்கும்.

சிறிய வீட்டில் உண்மையான தலைவலி மெஷினுக்கு வெளியே இருக்கிறது. சட்டம் இல்லாததால் மேல் துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் முதலிலேயே பிடித்துவைத்தாக வேண்டும். நாலு அங்குலத்துக்கு ஒன்று என்று ஊக்குக் குத்தினால் அந்த 90 அங்குலத்துக்கு 400க்கு மேல் ஆகும். ஏழரை அடித் தரை என் அறையில் கிடையாது. ஒட்டும் ஸ்ப்ரே அடித்துப் பார்த்தேன், மூடிய அறையில் நெடி தாங்கவில்லை. இப்போது இரண்டு நீளப் பலகை. ஒன்றில் மேல் துணியையும் இன்னொன்றில் அடித்துணியையும் சுருட்டிக்கொண்டு, மேசையில் பஞ்சை நடுவில் வைத்து, ஒன்றரை அடி ஒன்றரை அடியாக விரித்து நூலோட்டம் போடுகிறேன். ஒரு குவில்ட்டுக்கு இரண்டு மாலை போகிறது. முட்டி வலி இல்லை.

நாற்காலியையும் அலட்சியம் செய்யாதீர்கள். மேசை மட்டத்துக்கு முழங்கை வர வேண்டும். எனக்கு மேசை ஒரு அங்குலம் உயரமாக இருந்தது, அந்த ஒரு அங்குலத்துக்கு ஆறு மாதம் தோள்வலி அனுபவித்தேன்.

எண்ணெய், தூசி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாபின் மாற்றும்போதெல்லாம் பிரஷ் போட்டு, கொக்கிப் பாதையில் ஒரு சொட்டு விடுகிறேன். நான்கு வருடத்தில் ஒரே ஒரு முறை டைமிங், அதாவது ஊசியும் கொக்கியும் சேர்ந்து ஓடும் கணக்கு, தவறிப்போனது. அது என் தப்பு, கோடு பிசகாமல் தைக்கத் துணிமேல் வைக்கும் ரூலரில் ஊசி இடித்தது. ரூலர் வைத்துத் தைப்பவர்கள் கால் இஞ்ச் கனமுள்ளதையே வாங்குங்கள், மெல்லியது மெஷின் பாதத்துக்கு அடியில் நழுவிவிடும்.

இன்னொன்று, பழைய மெஷினை விற்கக் கிளம்பிக் கடைசி நேரத்தில் நிறுத்தினேன். நல்ல காலம். என்னுடையதில் துணியை இழுக்கும் பற்களே கிடையாது. குவில்ட்டிங் மட்டும்தான் செய்யும். துண்டுகளை நேராக இணைக்க, ஓரம் அடிக்க இன்னொரு மெஷின் வேண்டும். அதனால் அறையில் இரண்டு மெஷினுக்கு இடம் பாருங்கள்.

20 அங்குலத்துக்கு மாறலாமா என்று போன மாதம் மறுபடி டேப்பை எடுத்தேன். இப்போது நான் உட்கார்ந்திருக்கும்போது நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவில் மூன்று அங்குலம் இருக்கிறது. புதிய மேசை குறைந்தது நாலு அங்குலம் முன்னால் வரும். டேப்பைச் சுருட்டி அலமாரியில் வைத்தேன், திறக்கிற கதவுப் பக்கமாக.