ஐப்பசியில் விற்கப்பட்ட நாய்ச்சறுக்குப் பயணம்

பின்லாந்தின் ரோவனியெமி நகருக்கு அப்பாலுள்ள காட்டில், ஹஸ்கி நாய்கள் இழுக்கும் சறுக்கு வண்டியை ஐந்து நாள் நாங்களே ஓட்டிச் செல்லலாம், இரவில் மரக்குடில்களில் தங்கலாம் என்று கூறி, கிருஷ்ணகிரியில் ஒரு சுற்றுலா முகவர் என்னிடமும் என் தம்பியிடமும், விமானக் கட்டணம் நீங்கலாக, 2,60,000 ரூபாய் பெற்றுக்கொண்டார். தீபாவளி விடுமுறையை ஒட்டி அக்டோபர் கடைசியில் போகலாமா என்று கேட்டேன். "அங்கே வருஷம் முழுக்கப் பனிதான் சார்" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. சறுக்கு வண்டிகள் கொட்டகையில் அடுக்கப்பட்டிருந்தன. எங்களை ஏற்றியதோ சக்கரம் பொருத்திய வண்டியில். வெண்பனி நிலைக்கும்வரை நாய்களுக்குப் பயிற்சி விட்டுப்போகாமலிருக்க இப்படி ஓட்டுவது அங்கே வழக்கம். சேற்றுப் பாதையில் 5 கிலோமீட்டர் சுற்றியதும் இறங்கச் சொன்னார்கள். நான் வாக்குவாதம் செய்தபோது, அந்த நாய்ப் பண்ணையை நடத்தும் பெண்மணி பொறுமையாகப் பதிவேட்டைக் காட்டினார். எங்கள் பெயரில் அந்த ஒரு சுற்று மட்டுமே இருந்தது. காட்டுக்குள் தங்கிச் செல்லும் பல நாள் பயணங்கள் பெரும்பாலும் பனி கெட்டிப்பட்டுப் பகலும் நீளும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடப்பவை என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம். அவர்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஐப்பசியில் மல்கோவா கேட்டு வருபவருக்கு நம் ஊர் வியாபாரி பருவத்தைச் சொல்லித் திருப்பியனுப்புவார். அந்த நேர்மையைத்தான் முகவரிடம் எதிர்பார்த்தேன்.

ரசீதில் "ஹஸ்கி சஃபாரி, 2 நபர்" என்று மட்டுமே இருக்கிறது. அரை மணி நேரச் சுற்றையும் ஐந்து நாள் பயணத்தையும் அதே பெயரால்தான் விற்கிறார்கள். ஆகவே எத்தனை கிலோமீட்டர், எத்தனை இரவு, வண்டியின் பின்னே நின்று பிரேக்கை மிதித்து ஓட்டப்போவது நாமா அல்லது வெறுமனே உட்கார்ந்து வருவோமா, குளிருடையும் காலணியும் கட்டணத்தில் அடங்குமா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். பண்ணையின் பெயரைக் கேட்டு, பணம் கட்டுமுன் நீங்களே அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்.

இன்னொன்றை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. பின்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் கட்டாயமான 30,000 யூரோ மருத்துவக் காப்பீடே போதும் என்று முகவர் சொல்லியிருந்தார். ஆனால் எங்கள் பாலிசியில் குளிர்காலச் சாகச விளையாட்டுகளுக்கு இழப்பீடு இல்லை என்பதை ஊர் திரும்பிய பிறகே படித்தேன். மைனஸ் 30 டிகிரிவரை இறங்கக்கூடிய காட்டில் தம்பிக்கு ஏதேனும் ஆகியிருந்தால்?

பணத்தைத் திருப்பித் தர முகவர் மறுத்துவிட்டார். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரளித்தபின், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்திருக்கிறேன். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் மனுவுக்குக் கட்டணமில்லை. விசாரணை நடப்பதால் முகவரின் பெயரை எழுதவில்லை. இதே போன்ற பயணத்துக்கு வரும் ஐப்பசியில் போக யாரேனும் பணம் கட்டியிருந்தால், ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். மனு செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.