நான்கு கட்டங்களும் கிழித்தெறிந்த ஒரு பக்கமும்

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பின்னமோ தசமமோ, எண்ணாகக் கொடுத்தால் தடுமாறாமல் போட்டுவிடுவாள். அதையே நான்கு வரிக் கணக்காகக் கொடுத்தால் பென்சிலைக் கடிக்கத் தொடங்குவாள். சற்று நேரத்தில், "கூட்ட வேண்டுமா, பெருக்க வேண்டுமா, அதை மட்டும் சொல் அம்மா" என்று வந்து நிற்பாள். அதற்காகத்தான் இந்தப் பயிற்சிப் புத்தகத்தை வாங்கினேன். இதே அச்சில் வார்த்தவை பல கிடைக்கின்றன என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

ஒவ்வொரு கணக்குக்குக் கீழும் நான்கு கட்டங்கள்: முதலாவது 'என்ன தெரியும், என்ன கேட்கிறார்கள்', இரண்டாவது 'எப்படிப் போகலாம்', மூன்றாவது 'செய்', நான்காவது 'திரும்பிப் பார்'. ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் ஜார்ஜ் போல்யா 1945இல் எழுதிவைத்த அதே நான்கு படிகள். புத்தகத்தில் அவர் பெயர் எங்கும் இல்லை. போகட்டும்.

முதல் கட்டத்தில் எண்ணைத் தொடக்கூடாது, கேள்வியைச் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். முதல் வாரம் முழுக்க இது தண்டனை என்றே அவள் முணுமுணுத்தாள். புத்தகத்தின் மதிப்பு எனக்குப் புரிந்தது நான்காவது கட்டத்தில்தான். ஒரு வேலையை ஒருவர் 6 நாளில் முடிப்பார், இன்னொருவர் 12 நாளில். சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? கூட்டி, இரண்டால் வகுத்து, 9 என்று எழுதியிருந்தாள். 'திரும்பிப் பார்' கட்டத்துக்கு வந்ததும் பென்சில் நின்றது. "தனியாகச் செய்தாலே ஆறு நாள்தானே? துணைக்கு ஒருவர் வந்த பிறகு ஒன்பது எப்படி ஆகும்?" நான் வாயைத் திறக்கவே இல்லை. அழித்துவிட்டு, ஒரு நாளில் ஆறில் ஒரு பங்கு, பன்னிரண்டில் ஒரு பங்கு, சேர்த்தால் நான்கில் ஒரு பங்கு என்று எழுதி, 4 நாளுக்கு வந்து சேர்ந்தாள்.

இரண்டாவது கட்டத்தில் கட்டைப் படம் வரையச் சொல்வதும் நல்ல ஏற்பாடு. அப்பாவின் வயது மகனின் வயதைப் போல் மூன்று மடங்கு. 12 ஆண்டு கழித்து இரண்டு மடங்கு. நானாக இருந்தால் உடனே x என்று தொடங்கியிருப்பேன். அவள் அப்பாவுக்கு மூன்று கட்டை, மகனுக்கு ஒன்று வரைந்தாள். வித்தியாசம் இரண்டு கட்டை, அது என்றைக்கும் மாறாது. அப்பா இரண்டு மடங்காகும் நாளில் அந்த வித்தியாசமும் மகனின் வயதும் சமம். அப்படியானால் ஒரு கட்டையோடு 12 சேர்ந்து இரண்டு கட்டை ஆகிறது. ஒரு கட்டை 12. மகனுக்கு 12, அப்பாவுக்கு 36. சமன்பாடே இல்லை! எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

இத்தனையும் செய்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை போட்டிருக்கிறார்கள்: 'மொத்தம்' என்றால் கூட்டு, 'குறைவு' என்றால் கழி, 'மடங்கு' என்றால் பெருக்கு. "ராணியிடம் 12 பென்சில், அது கமலாவிடம் இருப்பதைவிட 5 குறைவு. கமலாவிடம் எத்தனை?" அட்டவணையை நம்பினால் 7. சரியான விடை 17. வாசிக்காமல் எண்களைப் பொறுக்கும் பழக்கத்துக்கு இது தூபம் போடுகிறது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் ஆய்வாளர்கள் சிறு பிள்ளைகளிடம், "கப்பலில் 26 செம்மறியாடுகள், 10 வெள்ளாடுகள், கேப்டனின் வயது என்ன?" என்று கேட்டார்கள். 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தை நான் கிழித்தெறிந்துவிட்டேன்.

வேறு குறைகளும் உண்டு. நான்காவது கட்டம் ஒன்றரை வரி அளவுதான். அவள் ஓரத்தில் நெருக்கி எழுதுகிறாள். விடைப் பகுதியில் வெறும் எண்கள், வழி இல்லை. அருகில் ஒருவர் உட்காராமல் பிள்ளையிடம் மட்டும் கொடுத்தால் கட்டங்களை ஒப்புக்கு நிரப்பிவிடும். எளிய கணக்குக்கும் நான்கு கட்டம் கேட்பது வீண். ஒரே வரியில் முடிவதை அப்படியே முடிக்க விட்டேன்.

எட்டாம் வகுப்புக்கான பாகமும் இருக்கிறது. வாங்குவேன், கடைசிப் பக்கத்தை முதலில் திருப்பிப் பார்த்துவிட்டு.