வாணலியா, குக்கரா, ஓவனா, அடிகனமான பாத்திரமா: வாரநாள் இரவுக்கும் விருந்துக்கும் ஓர் ஒப்பீடு

வேலை முடிந்து வீடு திரும்பியவர் இரவுணவுக்கென ஒதுக்கக்கூடியது பெரும்பாலும் 40 நிமிடம்தான். அதே வீட்டுக்கு 8 பேர் சாப்பிட வருவதாக இருந்தால் முன்கூட்டியே நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம். ஆனால் பரிமாறுவதற்கு முந்தைய கடைசி 15 நிமிடம் சமைப்பவரின் கையை விட்டுப் போய்விடும். வருபவர்களை வரவேற்பதும், தட்டுகளை எடுத்து வைப்பதும், பேச்சுக்கு நடுவே அடுப்பை எட்டிப் பார்ப்பதும் அந்த நேரத்தில்தான் நிகழ்கின்றன. ஆகவே, எளிய சமையல் முறைகளை ஒப்பிடும்போது மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பதைவிட, கடைசி 15 நிமிடத்தில் சமைப்பவர் அடுப்பருகே நின்றாக வேண்டுமா என்று கேட்பதே பயன் தரும் என்பது என் கருத்து. கோழி, கிழங்கு, பயறு, காய்கறி ஆகிய அதே பொருட்களை நான்கு வழிகளில் சமைக்கலாம். அந்த நான்கின் வரிசை வாரநாளில் ஒருவிதமாகவும் விருந்து நாளில் வேறுவிதமாகவும் அமைவதற்கு இந்தக் கேள்விதான் காரணம்.

வாணலியில் அதிக சூட்டில் கிளறி எடுப்பது இவற்றில் மிக விரைவானது. நறுக்கும் வேலை முடிந்துவிட்டால் 10 நிமிடத்தில் உணவு தயார். இரண்டு, மூன்று பேருக்கு இதை மிஞ்ச வேறு முறை இல்லை. ஆனால் அளவைக் கூட்டியவுடன் இது கைவிட்டுவிடும். வாணலி நிறையக் காய்கறியைக் கொட்டினால் சூடு சட்டென்று இறங்குகிறது. காய் விடும் நீர் ஆவியாகப் போதிய வெப்பம் இல்லாமல் அங்கேயே தேங்கி, வதங்க வேண்டியது அவிந்துபோகிறது. 8 பேருக்கு இதை மூன்று, நான்கு தடவையாகப் பிரித்துச் செய்ய வேண்டியிருக்கும். கடைசித் தடவை இறங்கும்போது முதல் தடவையில் செய்தது ஆறியிருக்கும். விருந்து நாளில் வாணலியை நான் கடைசி இடத்தில்தான் வைப்பேன்.

பிரஷர் குக்கருக்கும் அடிகனமான பாத்திரத்தில் சிறுதீயில் வேகவைக்கும் முறைக்கும் இடையிலான போட்டியே சுவையானது, ஏனெனில் இரண்டும் ஒரே உணவைத்தான் செய்ய முயல்கின்றன. மூடிய குக்கருக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப்போல ஏறக்குறைய இருமடங்காகும்போது, நீர் 100 டிகிரிக்குப் பதில் 120 டிகிரி செல்சியஸ் அளவில் கொதிக்கிறது. திறந்த பாத்திரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்கும் ஊறவைத்த கொண்டைக்கடலை, இதில் ஏறத்தாழ 20 நிமிடத்தில் மசியும் பதத்துக்கு வந்துவிடும். குறை என்னவென்றால், உள்ளே எல்லாம் ஈரம். பொருளின் மேற்பரப்பு உலர்ந்து, சுமார் 140 டிகிரியைத் தாண்டினால்தான் அந்தப் பழுப்பு நிறமும் வறுத்த மணமும் நன்றாகப் பிடிக்கும். மூடிய குக்கருக்குள் அது நடக்காது. நீரும் வற்றாது என்பதால், ஊற்றியதெல்லாம் அப்படியே நின்று குழம்பு நீர்த்துப்போகும். இரண்டுக்கும் மாற்று எளிது: மூடுவதற்கு முன் வெங்காயத்தையும் இறைச்சியையும் அதே குக்கரில் சிவக்க வதக்க வேண்டும்; திறந்த பிறகு 5 நிமிடம் கொதிக்கவிட்டு வற்றவைக்க வேண்டும். குக்கரின் சுவையைக் குறை சொல்பவர்களில் பலர் முதல் படியைத் தவிர்த்தவர்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சிறுதீப் பாத்திரம் 2 முதல் 3 மணி நேரம் கேட்கிறது. வாரநாளில் அதற்கு இடமே இல்லை. விருந்துக்கு அதுவே முதலிடம் பெறக் காரணம், முந்தைய நாளே செய்து வைக்கலாம் என்பதுதான். தசைநார் மிகுந்த இறைச்சியில் உள்ள கொலாஜன் என்ற புரதம் மெதுவாகக் கரைந்து ஜெலட்டினாக மாறி, குழம்புக்கு இயல்பான அடர்த்தியைத் தருகிறது. இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் இருந்தால் மேலே உறையும் கொழுப்பைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். மறுநாள் நன்கு கொதிக்கவைத்துப் பரிமாறினால் போதும். பெரிய பாத்திரத்தோடு அப்படியே ஆறவிடுவதுதான் தவறு. அகலமான ஆழமில்லாத பாத்திரங்களுக்கு மாற்றி, 2 மணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிட வேண்டும். கோழி நெஞ்சுக்கறியை இதில் போடவும் கூடாது. கொழுப்பும் நாரும் குறைந்த அந்தப் பகுதி நேரம் கூடக் கூட வறண்டுபோகும். எலும்போடு கூடிய தொடைக்கறியே பொருந்தும்.

மிதமான சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சார ஸ்லோ குக்கரைச் சிறுதீப் பாத்திரத்துக்கு இணையாகக் கருதுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சை ராஜ்மாவில் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும் ஒரு நச்சுப்பொருள் உண்டு. நன்கு கொதிக்கவைத்தால் அது அழியும், கொதிநிலையை எட்டாத மிதமான சூட்டில் அழியாது. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் தளதளவென்று 10 நிமிடத்துக்குக் குறையாமல் (30 நிமிடம் என்றால் இன்னும் நல்லது) கொதிக்கவிட்ட பிறகே அதை ஸ்லோ குக்கரில் சேர்க்கலாம். பயறு வகையைப் பொறுத்தவரை பிரஷர் குக்கருக்கே என் வாக்கு.

ஓவன் தட்டு, வாரநாள், விருந்து நாள் இரண்டுக்கும் ஓரளவு பொருந்தும் ஒரே முறை. உருளைக்கிழங்கையும் கேரட்டையும் 3 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, எண்ணெயும் உப்பும் புரட்டி, கோழித் தொடைத் துண்டுகளோடு 220 டிகிரியில் 40 நிமிடம் அளவில் வைத்தால், நடுவில் ஒருமுறை புரட்டுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. குடைமிளகாய் போன்ற மென்மையான காய்களைக் கடைசி 20 நிமிடத்தில் சேர்க்க வேண்டும். கோழியின் தடித்த பகுதி உள்ளே 74 டிகிரியை எட்டியதா என்பதை வெப்பமானியால் பார்ப்பதே நம்பகமானது. நிறத்தை நம்ப முடியாது. ஓவன் சூடேறக் காத்திருக்கும் நேரத்தைச் சமையல் குறிப்புகள் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதால், 40 நிமிடக் குறிப்பு உண்மையில் ஒரு மணி நேரத்தைத் தொடும். இங்கும் நெருக்கம்தான் எதிரி: துண்டுகளுக்கு இடையே இடைவெளி இல்லாவிட்டால் மொறுமொறுப்பு வராது. 8 பேருக்கு இரண்டு தட்டுகள் தேவைப்படும். இரண்டையும் ஒன்றாக வைத்தால் பாதி நேரத்தில் மேல்தட்டைக் கீழேயும் கீழ்த்தட்டை மேலேயும் மாற்ற வேண்டும், நேரமும் 10 நிமிடம் வரை கூடலாம். மேலும், வாட்டிய காய்கறி காத்திருக்காது. விருந்தினர் தாமதித்தால் தளர்ந்துவிடும். குழம்போ அரை மணி நேரத்தைப் பொருட்படுத்தாது.

எனவே வாரநாளுக்கு வாணலி, குக்கர், ஓவன் என்ற வரிசையையும், விருந்துக்கு முந்தைய நாளே செய்த குழம்போடு ஒரே ஒரு ஓவன் தட்டையும் நான் தேர்ந்தெடுப்பேன். உடன் சோறு வைப்பதாக இருந்தால் ஒரு கணக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும்: அரிசியை இரட்டிப்பாக்கும்போது தண்ணீரை அப்படியே இரட்டிப்பாக்கக் கூடாது. அரிசி உறிஞ்சும் நீர் இரண்டு மடங்காகும். ஆவியாகப் போகும் நீர், பாத்திரத்தின் வாயும் வேகும் நேரமும் அதேதான் என்பதால், ஏறக்குறைய பழைய அளவிலேயே நிற்கும். மிஞ்சிய சோற்றை மேசையில் விட்டுவைப்பதும் ஆகாது. சமைத்த பின்னும் உயிரோடிருக்கும் சில நுண்ணுயிர் வித்துகள் அறை வெப்பத்தில் பெருகி உண்டாக்கும் நச்சு, மறுபடி சூடாக்கினாலும் போகாது. தட்டுகளைக் கழுவத் தொடங்குமுன் சோறு குளிர்சாதனப் பெட்டிக்குள் போய்விட வேண்டும்.