லினக்ஸில் ஸ்டீம்: டெப், ஃப்ளாட்பேக், ஸ்நாப் ஆகிய மூன்றில் எதை நிறுவுவது?

லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான உபுண்டு 24.04 ஓடும் ஒரு கணினியில், விளையாட்டுகளை வாங்கவும் ஓட்டவும் உதவும் ஸ்டீம் செயலியை மூன்று வழிகளில் நிறுவலாம். ஏப்ட் என்ற பொதி மேலாளர் வழியாகவோ வால்வ் நிறுவனத்தின் தளத்திலிருந்தோ டெப் பொதியாக இறக்கலாம். ஃப்ளாட்ஹப் என்ற களஞ்சியத்திலிருந்து ஃப்ளாட்பேக்காக எடுக்கலாம். உபுண்டுவின் ஆப் சென்டரில் ஸ்நாப்பாகப் பெறலாம். இந்தப் பொதிகள் எல்லாமே உண்மையில் ஒரு தொடக்க நிரலைத்தான் சுமந்து வருகின்றன. முதன்முறை திறக்கும்போது, வால்வின் சேவையகத்திலிருந்து அதே கிளையன்ட் (நாம் பயன்படுத்தும் ஸ்டீம் செயலி) இறங்கி நம் ஹோம் கோப்புறைக்குள் அமர்ந்துகொள்கிறது. ஆகவே விளையாட்டின் வேகத்தை வைத்து இவற்றை ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை. பழுது வரும்போது அது எந்த இடத்தில் வரும், அதை நாமே பார்த்துச் சரிசெய்ய முடியுமா என்பவற்றை வைத்தே நான் இவற்றை எடைபோடுகிறேன்.

டெப் பொதியில் தொடங்கலாம். லினக்ஸுக்கான ஸ்டீம் 2013 பிப்ரவரியில் முறையாக வெளிவந்தபோது உபுண்டுவை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது. வால்வ் தானே வெளியிடுவதும் இந்த டெப் வடிவத்தைத்தான். இதன் பலவீனம் 32-பிட் நிரலகங்கள், அதாவது நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணைக் கோப்புகள். கிளையன்டும் பழைய விளையாட்டுகள் பலவும் 32-பிட் நிரல்களாக இருந்துவந்ததால், 64-பிட் கணினியிலும் 32-பிட் பொதிகளுக்கான ஐ386 கட்டமைப்பைத் தனியாகச் சேர்த்தாக வேண்டும். டெபியன் 12இல் அதை டிபிகேஜி கட்டளையால் நாமே சேர்த்து, காண்ட்ரிப் என்ற கூடுதல் களஞ்சியத்தையும் திறந்துவிட்டு, பட்டியலைப் புதுப்பித்த பிறகுதான் ஸ்டீம்-இன்ஸ்டாலர் பொதி கிடைக்கும். 2019 ஜூனில் ஐ386 பொதிகளை அடியோடு நிறுத்தப்போவதாக உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம் அறிவித்தவுடன், 19.10 முதல் உபுண்டுவுக்கு அதிகாரபூர்வ ஆதரவு இராது என்று வால்வின் பியர்-லூப் கிரிஃபே பகிரங்கமாகச் சொன்னார். சில நாட்களிலேயே கனோனிக்கல் பின்வாங்கி, தேவையான 32-பிட் பொதிகளைத் தொடர ஒப்புக்கொண்டது. டெப் வழி இன்றும் உயிரோடு இருப்பதற்கு அந்தப் பின்வாங்கல் ஒரு முக்கியக் காரணம்.

டெப் நிறுவலில் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. சின்னத்தைச் சொடுக்கினால் எதுவும் நடக்காது. பிழைச் செய்தியும் வராது. அப்போது டெர்மினலைத் திறந்து ஸ்டீம் என்ற கட்டளையை நேரடியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடும் வரிகளுக்கிடையே ஓப்பன்ஜிஎல் அல்லது ஜிஎல்எக்ஸ் பற்றிய புகார் தென்பட்டால், 32-பிட் வரைகலை டிரைவர் இல்லை என்றோ, இருந்தும் பதிப்பு பொருந்தவில்லை என்றோ பெரும்பாலும் கொள்ளலாம். என்விடியா அட்டை உள்ளவர்கள் என்விடியா-எஸ்எம்ஐ என்ற கட்டளை காட்டும் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். அங்கே 550 என்று தொடங்கினால், லிப்என்விடியா-ஜிஎல்-550 என்ற பொதி 64-பிட் வடிவத்தில் இருப்பதைப் போலவே ஐ386 வடிவத்திலும், அதே முழுப் பதிப்பு எண்ணோடு இருக்க வேண்டும். ஏஎம்டி, இன்டெல் அட்டைகளுக்கு மேசா என்ற திறந்தமூல வரைகலை டிரைவர் தொகுப்பின் 32-பிட் பொதிகள் போதும். அங்கே இந்தத் தொல்லை குறைவு. 64-பிட், 32-பிட் டிரைவர்கள் இரண்டையும் இப்படிப் பொருத்திவிட்டால், பிறகு டெப் நிறுவல் நீண்ட நாள் தொந்தரவின்றி ஓடும்.

ஆனால் பொருத்தும்போது ஒரு எச்சரிக்கை தேவை. 2021 நவம்பரில் தொழில்நுட்ப யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன் தம் தொடருக்காக, உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட பாப் ஓஎஸ்ஸில் ஸ்டீமை நிறுவ முயன்றார். அப்போது களஞ்சியத்தில் இருந்த ஒரு சார்புப் பிழையால், ஸ்டீமை நிறுவ வேண்டுமானால் திரைச்சூழலையே நீக்க வேண்டும் என்று ஏப்ட் கணக்குப் போட்டது. அவர் கேட்கப்பட்ட உறுதிமொழியைத் தட்டச்சு செய்ததும் வரைகலைத் திரையே போய்விட்டது. பிழை விரைவில் சரிசெய்யப்பட்டது. அப்படி ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்து இன்றியமையாப் பொதிகளை நீக்கும் வழியை ஏப்ட்டும் அடைத்தது. இருந்தாலும், மூன்றாம் தரப்புக் களஞ்சியத்திலிருந்து புதிய டிரைவர் போட்டவர்களின் கணினியில் 64-பிட், 32-பிட் பதிப்புகள் முரண்படுவது இன்றைக்கும் நடக்கக்கூடியதே. நீக்கப்படும் பொதிகளின் பட்டியலை முழுவதும் படிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்தாதீர்கள் என்பதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

ஃப்ளாட்பேக் இந்த 32-பிட் சிக்கலை அடியோடு தவிர்க்கிறது. தேவையான நிரலகங்களைத் தன்னோடு கொண்டுவருவதால், அடிப்படை இயங்குதளத்தில் ஐ386 ஒன்றுகூட இருக்க வேண்டியதில்லை. கிளையன்ட் ஹோம் கோப்புறையின் மற்ற பகுதிகளைத் தொட முடியாதபடி வேலியும் போடப்பட்டிருக்கிறது. இந்த வேலியின் மதிப்பை அறிய 2015 ஜனவரியில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். ஸ்டீமின் தொடக்க ஸ்கிரிப்டில், கோப்புறையின் பாதையைத் தாங்கும் மாறி வெறுமையாகிவிட்டால் கணினியின் வேரிலிருந்தே அழிக்கத் தொடங்கும் ஒரு வரி இருந்தது. ஸ்டீம் கோப்புறையை வேறு இடத்துக்கு மாற்றிய பயனர் ஒருவர், இணைக்கப்பட்டிருந்த காப்பு வட்டு உட்படத் தம் கோப்புகளையெல்லாம் இழந்தார். வால்வ் அதைத் திருத்திவிட்டது. எனினும், மூலநிரல் வெளியிடப்படாத நிரல் ஒன்றுக்கு வீட்டுச் சாவிகள் அனைத்தையும் ஏன் கொடுக்க வேண்டும் என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது.

ஆனால் அதே வேலிதான் ஃப்ளாட்பேக்கின் பழுதுகளுக்கும் ஊற்று. இரண்டாவது வட்டில் நூறு ஜிபி விளையாட்டுகள் இருக்கும். கோப்பு மேலாளரில் அவை தெரியும். ஸ்டீமுக்குள் அந்த வட்டைச் சேர்க்க முயன்றால் மட்டும் முடியாது. அந்தப் பாதைக்கான அனுமதியை ஃப்ளாட்பேக்கின் ஓவர்ரைடு கட்டளை வழியாகவோ, ஃப்ளாட்சீல் என்ற வரைகலைக் கருவி வழியாகவோ கொடுத்துவிட்டு, ஸ்டீமை முழுவதும் மூடித் திறக்க வேண்டும். கேம்பேட் அடையாளம் காணப்படாவிட்டால், ஸ்டீம்-டிவைசஸ் என்ற சிறு பொதியை அடிப்படை இயங்குதளத்தில் நிறுவ வேண்டும். சாதன விதிகளை வேலிக்கு உள்ளிருந்து எழுத இயலாது. என்விடியா பயனர்களுக்கு இன்னொன்றும் உண்டு. இயங்குதளம் டிரைவரைப் புதுப்பித்துவிட்டு, ஃப்ளாட்பேக்கின் என்விடியா நீட்சி பழைய எண்ணிலேயே நின்றால், நேற்றுவரை ஓடிய விளையாட்டு இன்று திறக்காது. ஃப்ளாட்பேக்கையும் புதுப்பித்தால் இரண்டும் ஒத்துக்கொள்ளும். இது ஃப்ளாட்ஹப் சமூகத்தார் பராமரிக்கும் பொதி, வால்வின் வெளியீடு அன்று என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஸ்நாப்பைப் பற்றி நான் சுருக்கமாகவே சொல்ல முடியும். கனோனிக்கல் 2022இல் இதை முன்னோட்டமாக வெளியிட்டது. 32-பிட் நிரலகங்களையும் மேசாவையும் பயனருக்குப் பதில் தாமே பராமரிப்பது என்ற நோக்கம் நல்லதே. ஆனால் 2024 ஜனவரியில், ஸ்நாப் வடிவம் பற்றிய பிழை முறையீடுகள் தங்களிடம் பெருகி வருவதாகவும், அதை மறுபொதியாக்குவதில் வால்வுக்குப் பங்கில்லை என்றும், டெப் பொதியைப் பயன்படுத்துமாறும், அது வேண்டாதவர்கள் ஃப்ளாட்பேக்கை நாடலாம் என்றும் வால்வின் டிமோதே பெஸ்ஸே வெளிப்படையாக எழுதினார். ஆப் சென்டரில் தேடி நிறுவிய புதிய பயனர் பலருக்குத் தாம் ஸ்நாப்பை ஓட்டுகிறோம் என்பதே தெரியாது. டெப்புக்காக எழுதப்பட்ட தீர்வுகளை வரிவரியாகச் செய்துபார்த்துச் சோர்ந்துபோகிறார்கள். கோப்புகள் ஹோமுக்குள் ‘ஸ்நாப்’ என்ற கோப்புறையில் இருந்தால், அந்தத் தீர்வுகள் உங்களுக்கானவை அல்ல. லினக்ஸ் மின்ட் பயனர்களுக்கு இந்தக் குழப்பம் வராது. 20ஆம் பதிப்பு முதல் அங்கே ஸ்நாப் இயல்பாகவே தடுக்கப்பட்டிருக்கிறது.

எந்தப் பொதியைத் தேர்ந்தாலும் தீராத பழுது ஒன்று உண்டு. விண்டோஸோடு பகிர்ந்துகொள்ளும் என்டிஎஃப்எஸ் பிரிவில் விளையாட்டு நூலகத்தை வைத்தால், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் என்ற கருவி வழி ஓடும் விளையாட்டுகள் ‘இயக்கு’ பொத்தானை அழுத்தியதும் சில நொடி சுழன்றுவிட்டு, மீண்டும் பச்சைப் பொத்தானாகவே நிற்கும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் புரோட்டான் ஒரு போலி விண்டோஸ் கோப்புறையை உருவாக்குகிறது; அதற்குள் ‘சி’ எழுத்தும் முக்காற்புள்ளியும் சேர்ந்த பெயரில் ஓர் இணைப்பு இருக்கும். முக்காற்புள்ளி விண்டோஸின் கோப்புப் பெயர்களில் விலக்கப்பட்டது. ஆகவே அந்தப் பிரிவில் எல்லாம் குழம்புகிறது. நூலகத்தை லினக்ஸின் எக்ஸ்ட்4 வடிவப் பிரிவுக்கு மாற்றுவதே உறுதியான வழி. காரணம் வேறாக இருக்குமோ என்ற ஐயம் இருந்தால், விளையாட்டின் தொடக்க விருப்பங்களில் புரோட்டான் லாக் என்னும் சூழல் மாறியை 1 என்று வைத்து ஒருமுறை இயக்குங்கள். விளையாட்டின் எண்ணைப் பெயரில் தாங்கிய பதிவுக் கோப்பு ஒன்று ஹோம் கோப்புறையில் உருவாகும்.

டெபியன், உபுண்டு, மின்ட் வைத்திருப்பவர்களுக்கு நான் டெப்பையே பரிந்துரைக்கிறேன். அதன் பழுதுகள் தொடக்கத்தில் வருபவை, கண்ணுக்குத் தெரிபவை, அவற்றின் தீர்வுகளும் பத்தாண்டுக்கு மேலாக எழுதப்பட்டிருக்கின்றன. ஃபெடோரா சில்வர்ப்ளூ போல அடிப்படையைத் தொடவிடாத வழங்கல்களிலும், அலுவல் கோப்புகள் இருக்கும் கணினியிலும் ஃப்ளாட்பேக்கே பொருத்தம். ஸ்நாப்பிலிருந்து மாறுபவர்கள் அதை நீக்குவதற்கு முன் விளையாட்டுகள் இருக்கும் ஸ்டீம்ஆப்ஸ் கோப்புறையை வேறிடத்துக்கு நகலெடுத்துக்கொள்ள வேண்டும். ஸ்நாப்பை நீக்கினால் அதன் தரவும் சேர்ந்தே போகும். புதிய நிறுவலில் அந்தக் கோப்புறையை உரிய இடத்தில் வைத்து, அதே விளையாட்டை நிறுவச் சொன்னால், இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்துவிட்டுக் குறைவதை மட்டுமே ஸ்டீம் இறக்கிக்கொள்ளும்.