இலவசப் பாடநூல்: இரண்டு வழிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில், பள்ளி முடியும்வரை பாடநூல் பெரிய கவலை இல்லை. அரசின் இரவல் திட்டம் 1975 முதல் இருக்கிறது. 2008இலிருந்து வருமானம் பார்க்காமல் எல்லா மாணவருக்கும் கொடுக்கிறார்கள். கல்லூரிக்குப் போனதும்தான் புத்தக விலை பெற்றோர் கழுத்தை நெரிக்கிறது. அங்கே திறந்த பாடநூல், அதாவது யாரும் இலவசமாகப் படிக்கவும் பகிரவும் உரிமம் தந்து வெளியிடும் நூல், கைகொடுக்கும். சரி, அதற்கு யார் காசு போடுகிறார்கள்?

அமெரிக்காவின் பிளாட் வேர்ல்ட் நாலெட்ஜ் பாடநூல் வெளியிடும் ஒரு வணிக நிறுவனம். முதலில் அங்கே இணையத்தில் படிப்பது இலவசம், அச்சுப் பிரதிக்குக் கட்டணம் என்று இருந்தது. காசு கொடுத்து வாங்குவோர் குறைந்ததும், 2013 ஜனவரியில் இலவச வாசிப்பை நிறுத்திவிட்டது. இதில் ஒரு நல்லது: முன்பே கொடுத்த திறந்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. அதனால் பழைய பதிப்புகள் பல வேறு தளங்களில் பிழைத்துக்கொண்டன.

இரண்டாவது வழி ஓபன்ஸ்டாக்ஸ் என்ற லாப நோக்கமற்ற பாடநூல் திட்டம்; 2012இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. செலவைப் பெரும்பாலும் அறக்கட்டளைகளின் நன்கொடை தாங்குகிறது. பல நூல்களுக்கு உரிமம் மிகத் தாராளம்: மூல ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டு, உரிமத்தையும் காட்டினால் நகலெடுக்கலாம், திருத்தலாம், தமிழாக்கலாம், விற்கவும் செய்யலாம். லயத்து வீட்டில் இணையம் இழுத்தாலும், டவுனில் ஒருமுறை முழுக் கோப்பையும் இறக்கிக்கொண்டால் போதும். வேண்டிய அத்தியாயத்தை மட்டும் போட்டோஸ்டேட் கடையில் அச்சடிக்கலாம், சட்டச் சிக்கல் இல்லை.

நான் ஓபன்ஸ்டாக்ஸ் பக்கம்தான். நன்கொடை குறைந்தால் புதிய பதிப்புகள் தடைப்படலாம், உண்மை. ஆனால் கையில் இருப்பதை யாரும் பிடுங்க முடியாது. பொருளாதார நூலில் மட்டும் உதாரணங்கள் எல்லாம் டாலரும் அமெரிக்க மத்திய வங்கியுமாக இருக்கும். அதை ரிங்கிட்டுக்கும் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கும் மாற்றி எழுத நம் ஆசிரியர்கள் முன்வர வேண்டும்.